கஞ்சாக் கடையின் லைசன்ஸை ஒரு நகரம் எப்போது பறிக்கலாம்?

2017 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரப் போலீஸார் ‘ஸ்வீட் லீஃப்’ என்ற கஞ்சா நிறுவனத்தின் கிளைகளுக்குள் புகுந்து சோதனை போட்டார்கள். அது சந்துக்குள் ஒளிந்து நடந்த வியாபாரம் இல்லை. கொலராடோ மாநிலத்திடமும் டென்வர் நகராட்சியிடமும் முறையாக லைசன்ஸ் வாங்கி, போர்டு மாட்டி, வரி கட்டி, ஊர் முழுக்கக் கிளை பரப்பியிருந்த நிறுவனம். அதன் 26 லைசன்ஸ்களும் உடனே முடக்கப்பட்டன. விசாரணை நடந்து, 2018 ஜூலையில் நகராட்சியின் கலால், லைசன்ஸ் துறை அந்த 26-ஐயும் ஒரேயடியாக ரத்து செய்தது. 2019 ஜனவரியில் உரிமையாளர்கள் மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆளுக்கு ஓராண்டு சிறைத் தண்டனை பெற்றார்கள்.

கஞ்சா விற்கலாம் என்று சட்டமே சொல்லும் ஊரில் கஞ்சா விற்றதற்காகச் சிறை என்றால் விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் இப்படி ஒரு கடையின் லைசன்ஸை நகரம் பறிக்கலாமா என்று யோசிக்கும்போது எழும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஒரு வழக்கிலேயே இருக்கின்றன. கஞ்சா நல்லதா கெட்டதா என்ற விவாதம் இங்கே உதவாது. அதைக் கொலராடோ வாக்காளர்கள் 2012 நவம்பரிலேயே முடித்துவிட்டார்கள். மாநில அரசியல் சட்டத்தின் 64-ஆவது திருத்தம் அப்போது வாக்கெடுப்பில் ஜெயித்தது. 2014 ஜனவரி 1 முதல் 21 வயது நிரம்பிய யாரும் கடையில் போய் வாங்கலாம் என்று ஆனது. அதற்குப் பிறகு மிஞ்சுவது நிர்வாகக் கேள்வி. கொஞ்சம் வறண்ட கேள்விதான். ஆனால் யாருக்கு வேலை போகும், யார் சிறைக்குப் போவார் என்பதெல்லாம் முடிவாவது அங்கேதான்.

ஒரு அவுன்ஸ், திரும்ப ஒரு அவுன்ஸ்

அன்றைய கொலராடோ விதிப்படி ஒருவர் ஒரு அவுன்ஸ் வரை, அதாவது சுமார் 28 கிராம், கையில் வைத்திருக்கலாம். கடையும் ஒரு பரிவர்த்தனையில் ஒரு அவுன்ஸுக்கு மேல் விற்கக் கூடாது. ஸ்வீட் லீஃப் கிளைகளில் நடந்தது இதுதான்: வாடிக்கையாளர் ஒரு அவுன்ஸ் வாங்குவார். வெளியே போய்க் காரில் வைப்பார். திரும்ப வந்து இன்னொரு அவுன்ஸ் வாங்குவார். மறுபடியும் போவார், வருவார். தொழிலில் இருப்பவர்கள் இதை ‘லூப்பிங்’ என்பார்கள். 16 முறை போய் வந்தால் ஒரு பவுண்டு, கிட்டத்தட்ட அரை கிலோ, ஆகிவிடும். வீட்டில் உட்கார்ந்து புகைக்க யாரும் ஒரே நாளில் ஒரு பவுண்டு வாங்குவதில்லை. மாறுவேடத்தில் போன போலீஸாருக்கும் அதேபோல அடுத்தடுத்து விற்றுத்தான் கடை மாட்டிக்கொண்டது.

வாங்கியவர் கொஞ்சம் கூடுதலாக வாங்கினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று தோன்றலாம். அன்றைய நிலைமையைத் தெரிந்துகொண்டால்தான் இது புரியும். மத்திய அரசின் 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சா நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட பொருள். மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இலேயே சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் கொலராடோ கடைகள் நடந்ததற்குக் காரணம் 2013 ஆகஸ்ட்டில் மத்திய அரசின் நீதி அமைச்சகம் வெளியிட்ட ஒரு சுற்றறிக்கை. சிறுவர்கள் கைக்குப் போகாமல், ரவுடிக் கும்பல்களுக்குப் பணம் போகாமல், சரக்கு பக்கத்து மாநிலங்களுக்குக் கசியாமல் நீங்கள் பார்த்துக்கொண்டால் நாங்கள் பெரும்பாலும் தலையிட மாட்டோம் என்பது அதன் சாரம். கசிவு என்பது வெறும் கற்பனை இல்லை. கொலராடோவிலிருந்து கஞ்சா எங்கள் எல்லைக்குள் வருகிறது என்று நெப்ராஸ்காவும் ஓக்லஹோமாவும் 2014 டிசம்பரில் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போயின. 2016 மார்ச்சில்தான் நீதிமன்றம் அந்த வழக்கை ஏற்க மறுத்தது.

ஆக, லூப்பிங் செய்த கடை தன் லாபத்துக்காக மொத்த மாநிலத்தின் ஏற்பாட்டையும் பணயம் வைத்தது. டென்வர் சோதனை நடந்து மூன்று வாரத்தில், 2018 ஜனவரி 4 அன்று, அந்த அமைச்சகத்தின் தலைவரான அப்போதைய அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் அந்தச் சுற்றறிக்கையையே திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தச் சூழலில் ‘நாங்கள் எங்கள் கடைகளைக் கட்டுக்குள் வைத்திருக்கிறோம்’ என்று காட்ட வேண்டிய கட்டாயம் நகருக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று யூகிக்கலாம்.

விதி என்ன சொன்னது?

ஸ்வீட் லீஃப் தரப்பின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. விதி ‘ஒரு பரிவர்த்தனை’ என்றுதான் சொன்னது, ‘ஒரு நாள்’ என்று சொல்லவில்லை. ஒவ்வொரு பில்லும் தனிப் பரிவர்த்தனை. ஆகவே நாங்கள் மீறவில்லை என்றார்கள். சோதனைக்குச் சில நாள் கழித்து, 2018 ஜனவரி 1 முதல், மாநிலம் அந்த விதியைத் திருத்தி எழுதியது. அதே ஆளுக்கு அதே நாளில் பலமுறை விற்பதும், கடைக்காரருக்குத் தெரிந்தே நடந்தால், ஒரே பரிவர்த்தனையாகக் கணக்கிடப்படும் என்று தெளிவாக்கியது. பார்த்தீர்களா, முன்பு தெளிவில்லாமல் இருந்ததால்தானே இப்போது திருத்துகிறார்கள் என்பது நிறுவனத்துக்குக் கிடைத்த நல்ல ஆயுதம்.

என் கருத்தில் அந்த வாதம் பாதி தூரம்தான் போகும். விதியின் வாசகம் ஓட்டையாக இருந்தது உண்மை. ஆனால் ஒரு அவுன்ஸுக்கு மேல் கையில் வைத்திருப்பதே குற்றம் என்று அன்றைய சட்டம் தனியாகச் சொன்னது. காலையில் ஒரு அவுன்ஸ் வாங்கியவர் மத்தியானம் ஐந்தாவது முறையாகக் கவுன்ட்டரில் நிற்கிறார் என்றால், முதல் நான்கு அவுன்ஸ் எங்கே போயிருக்கும் என்று விற்பவருக்குத் தெரியாதா? விதியில் ஓட்டை இருந்ததும் நிஜம், அந்த ஓட்டை எதற்குப் பயன்பட்டது என்று உரிமையாளர்களுக்குத் தெரிந்திருந்ததும் நிஜம். லைசன்ஸ் ரத்துக்கு இரண்டாவது போதும். முதலாவது, நகரமும் மாநிலமும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

இந்த வழக்கில் எனக்கு உறுத்துவது வேறொன்று. சோதனை நாளன்று முதலில் கைதானவர்கள் கவுன்ட்டரில் நின்று எடை போட்டுக் கொடுத்த ஊழியர்கள். மணிக்கூலிக்கு வேலை பார்த்த இளைஞர்கள். உரிமையாளர்கள் மீது வழக்கு வந்தது பிறகுதான். நிறுவனத்தின் வியாபார முறையே அது என்றால் தண்டனை மேலிருந்து தொடங்க வேண்டும். லைசன்ஸ் ரத்து என்ற நடவடிக்கையின் நியாயமே அதில்தான் இருக்கிறது: அது முதலாளியைத் தொடும். கீழே நிற்பவரைக் கைது செய்வது அவரை மட்டும் தொடும்.

அதிகாரம் யார் கையில்

கொலராடோவில் இரட்டைப் பூட்டு. மாநிலத்தின் லைசன்ஸும் வேண்டும், ஊரின் லைசன்ஸும் வேண்டும். ஒன்று போனாலும் கடையைத் திறக்க முடியாது. கடையே வேண்டாம் என்று ஒரு ஊர் முடிவு செய்யவும் உரிமை உண்டு. டென்வருக்குத் தெற்கே ஒரு மணி நேரத்தில் இருக்கும் கொலராடோ ஸ்பிரிங்ஸ் மருத்துவக் கஞ்சாவை மட்டும் அனுமதித்து, மற்ற விற்பனையை 2024 நவம்பர் வாக்கெடுப்பு வரை உள்ளேயே விடவில்லை. கலிஃபோர்னியாவிலும் இதே கதைதான். 2016-இல் அங்கே கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் 64-ஆவது முன்மொழிவு வாக்கெடுப்பில் ஜெயித்தும், பாதிக்கு மேற்பட்ட ஊர்கள் சில்லறைக் கடைகளை அனுமதிக்கவில்லை. ஊர்கள் இப்படித் தடுக்கலாம் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2013-இலேயே ரிவர்சைடு நகர வழக்கில் சொல்லியிருந்தது.

கனடாவின் ஒன்டாரியோ இதற்கு நேர் எதிர். அங்கே 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வம்; கடை லைசன்ஸ் கொடுப்பதும் பறிப்பதும் மாகாண ஆணையம் மட்டுமே. 2019 ஜனவரிக்குள் ‘எங்கள் ஊரில் வேண்டாம்’ என்று விலகிக்கொள்ளும் வாய்ப்பு நகரங்களுக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். தமிழர்கள் நிறைந்த மார்க்கம் நகரம் விலகிக்கொண்டது. மிசிசாகா முதலில் விலகி, 2023-இல் மனம் மாறி உள்ளே வந்தது. டொராண்டோ விலகவில்லை. விளைவாக, டொராண்டோவின் ஒரு பகுதியான ஸ்கார்பரோவில் ஒரே தெருவில் நாலு கடை வந்தாலும் நகர மன்றத்தால் எதையும் ரத்து செய்ய முடியாது. மாகாணத்திடம் ஆட்சேபம் சொல்லலாம். கவுன்சிலரிடம் போய் ‘இந்தக் கடையை மூடுங்கள்’ என்று சண்டை போடுவதற்கு முன்னால், அவர் கையில் அந்தச் சாவி இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது நல்லது.

கொடுத்த பிறகு அது சொத்து

லைசன்ஸ் கொடுப்பதற்கு முன்னால் நகரத்துக்கு நிறைய சுதந்திரம் உண்டு. கொடுத்த பிறகு நிலைமை மாறிவிடும். அமெரிக்கச் சட்டத்தில், பிழைப்புக்கு ஆதாரமான ஒரு லைசன்ஸைக் கொடுத்துவிட்டால் அதைச் சொத்து போலத்தான் பார்க்க வேண்டும். டிரைவிங் லைசன்ஸைக்கூட முறையான விசாரணை இல்லாமல் முடக்கக் கூடாது என்று 1971-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கடை லைசன்ஸுக்கும் அதே தர்க்கம்தான். ஷோகாஸ் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், என்ன தப்பு என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும், சாட்சியை எதிர்த்துக் கேள்வி கேட்க விட வேண்டும், நடுநிலையான ஒருவர் விசாரிக்க வேண்டும், மேல்முறையீடு இருக்க வேண்டும். பொது ஆபத்து என்றால் முதலில் முடக்கிவிட்டுப் பிறகு விசாரிக்கலாம். ஆனால் விசாரணை சீக்கிரம் வர வேண்டும். டென்வர் இந்த வழியில்தான் போனது.

இதை நியூயார்க் எளிதாக எடுத்துக்கொண்டு மாட்டிக்கொண்டது. அங்கே 2021-இல் கஞ்சா சட்டபூர்வமானது, முதல் சட்டபூர்வக் கடை 2022 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. அதற்குள் லைசன்ஸே இல்லாத கடைகள் நகரம் முழுக்கப் பெருகிவிட்டன. 2024-இல் வந்த புதுச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஷெரிஃப் அலுவலகம் அந்தக் கடைகளுக்குப் பூட்டுப் போடத் தொடங்கியது. விசாரணை அதிகாரி ‘திறந்துவிடலாம்’ என்று பரிந்துரைத்தாலும் ஷெரிஃப் அதை ஒதுக்கிவிட்டுப் பூட்டை வைத்திருக்கலாம் என்பது ஏற்பாடு. 2024 அக்டோபரில் நகரின் குயின்ஸ் பகுதி நீதிபதி ஒருவர், பூட்டியவரே கடைசித் தீர்ப்பும் சொல்வது என்ன விசாரணை என்று கேட்கும் விதமாக, அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார். நகரம் மேல்முறையீட்டுக்குப் போனது. லைசன்ஸே இல்லாத கடைக்கு இவ்வளவு பாதுகாப்பு என்றால், லைசன்ஸ் உள்ள கடை விஷயத்தில் நகர மன்றம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

வாசனை, பார்க்கிங், பயம்

நகர மன்றக் கூட்டங்களில் பெரும்பாலும் லூப்பிங் மாதிரிப் பெரிய குற்றம் வருவதில்லை. வருவது அக்கம்பக்கத்தார் புகார். நாற்றம், வாசலில் வண்டி, இரவில் நடமாட்டம், பிள்ளைகள் போகும் வழி. இவை பொய்யான புகார்கள் இல்லை. ஆனால் இவற்றுக்கெல்லாம் லைசன்ஸ் ரத்துதான் மருந்தா என்றால் இல்லை. காற்று வடிகட்டி போடச் சொல்லலாம், மூடும் நேரத்தை முன்னுக்கு இழுக்கலாம், காவலாளி வைக்கச் சொல்லலாம், கேட்காவிட்டால் அபராதம், அதற்கும் கேட்காவிட்டால் சில வாரம் முடக்கம் என்று ஏறிப் போகலாம்.

கடையை மூடினால் தெரு பாதுகாப்பாகிவிடும் என்ற நம்பிக்கையையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2010 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 400-க்கும் மேற்பட்ட மருத்துவக் கஞ்சாக் கடைகளை மூடச் சொன்னது. டாம் சாங், மிரெய் ஜேகப்சன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் மூடிய கடைகளைச் சுற்றியிருந்த குற்றங்களையும் திறந்திருந்த கடைகளைச் சுற்றியிருந்த குற்றங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வின்படி, மூடிய கடைகளுக்கு மிக அருகில் குற்றம் கூடியது. கூடியதில் முக்கியமானது சொத்துக் குற்றம், காரை உடைத்துத் திருடுவது போல. ரெஸ்டாரன்ட்கள் தற்காலிகமாக மூடப்பட்டபோதும் அதே மாதிரி நடந்ததைக் கண்டார்கள். கஞ்சாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள வாசல் ஒன்று இருட்டிப் போனால் திருடனுக்கு வசதி. ஒரு ஆய்வை வைத்து எல்லா ஊருக்கும் முடிவு கட்டக் கூடாதுதான். ஆனால் ‘குற்றம் குறையும்’ என்று ரத்து உத்தரவில் எழுதுகிறவர்கள் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

நகரத்தின் பங்கு

இப்போது எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்துக்கு வருகிறேன். நெதர்லாந்தில், பெல்ஜிய எல்லையை ஒட்டி டெர்நூசன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ‘செக்பாயின்ட்’ என்ற காஃபி ஷாப், அந்த நாட்டு வழக்கப்படி கஞ்சா விற்கும் கடை, நாளுக்கு ஆயிரக்கணக்கான ஆட்களை ஈர்த்தது. பெரும்பாலும் பெல்ஜியம், பிரான்ஸ்காரர்கள். டச்சு நடைமுறையில் ஆளுக்கு 5 கிராம் வரை விற்பதைப் பொறுத்துக்கொள்வார்கள், கடையில் 500 கிராமுக்கு மேல் இருப்பு இருக்கக் கூடாது. நாளுக்கு ஆயிரக்கணக்கானோர் வரும் கடை 500 கிராம் இருப்பை வைத்து எப்படி நடக்கும்? கணக்கே இடிக்கிறது. இது ஊருக்கும் தெரியும். தெரிந்தும் நகராட்சி என்ன செய்தது? வெளியூர்க்காரர்கள் தெருத் தெருவாகத் தேடி அலைந்து தொல்லை கொடுக்காமல் இருக்க, கடைக்கு வழி காட்டும் பலகைகளை நட்டது.

அப்புறம் 2007-இலும் 2008-இலும் போலீஸ் சோதனை, அளவுக்கு மேல் சரக்கு என்று கடை மூடல், வழக்கு. 2012-இல் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம், அதிகாரிகளே இந்தக் கடை பெருகுவதற்கு இடம் கொடுத்தபின் அரசுத் தரப்பு வழக்குத் தொடர முடியாது என்றது. 2013-இல் டச்சு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஏற்காமல் மறுவிசாரணைக்கு அனுப்பியது. சட்ட நுணுக்கத்தில் உச்ச நீதிமன்றம் சரியாகவே இருக்கலாம். ஆனால் பலகை நட்ட கையாலேயே பூட்டும் போட்டதை அந்த ஊர்க்காரர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்?

நியூயார்க் மாநிலத்தில் 2025 ஜூலையில் நடந்தது இதைவிட மோசம். பள்ளியிலிருந்து 500 அடிக்குள் கடை கூடாது என்பது சட்டம். மாநில அலுவலகம் பள்ளியின் வாசலிலிருந்து அளந்து லைசன்ஸ் கொடுத்துக்கொண்டே வந்தது. திடீரென்று, பள்ளி நிலத்தின் எல்லையிலிருந்துதான் அளந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, 100-க்கும் மேற்பட்ட கடைகளுக்கு ‘உங்கள் இடம் சட்டப்படி செல்லாது’ என்று தகவல் அனுப்பியது. கடன் வாங்கி, வாடகை கட்டி, அலுவலகம் சொன்ன இடத்தில் கடை போட்டவர்கள் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். கடைக்காரர் எந்தத் தப்பும் செய்யாத இடத்தில், அளந்தவர் தப்பாக அளந்ததற்காக லைசன்ஸைப் பறிப்பதை எந்த வாதத்தாலும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வேறு இடம் பார்க்க அவகாசமும் செலவும் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

நகரம் கடையின் பக்கம் நின்று சண்டை போட்ட கதையும் உண்டு. 2012-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ‘ஹார்பர்சைடு’ என்ற பெரிய மருத்துவக் கஞ்சாக் கடை இருந்த கட்டடத்தைப் பறிமுதல் செய்ய மத்திய அரசு வழக்குப் போட்டது. ஓக்லண்ட் நகராட்சி எதிர்த்து நீதிமன்றம் போனது. நாங்கள் லைசன்ஸ் கொடுத்த கடை, எங்கள் விதிகளை மதிக்கிறது, மூடினால் நோயாளிகள் தெருவில் வாங்கப் போவார்கள் என்பது நகரின் வாதம். வரி வருமானமும் மனதில் இருந்திருக்கும், மறைப்பானேன். நகராட்சியின் மனு 2015-இல் தோற்றது. ஆனால் 2016-இல் மத்திய அரசே தன் வழக்கைக் கைவிட்டது.

ரத்துக்குப் பிறகு

சாதாரணக் கடை திவாலானால் திவால் நீதிமன்றத்துக்குப் போகலாம். அமெரிக்கக் கஞ்சாக் கடைக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. மத்தியச் சட்டப்படி தடையான வியாபாரத்துக்குத் திவால் பாதுகாப்பு தர அந்த நீதிமன்றங்கள் மறுத்து வந்திருக்கின்றன. லைசன்ஸ் போய்விட்டால் இருப்பில் உள்ள சரக்கைத் தள்ளுபடியில் விற்கவும் முடியாது. போதாக்குறைக்கு, 1982-இல் வந்த வருமான வரிப் பிரிவு ஒன்று இப்படிப்பட்ட கடைகள் வாடகை, சம்பளம் போன்ற செலவுகளைக் கழிக்க விடுவதில்லை. ஆகவே நல்ல காலத்தில் சேர்த்து வைத்த பணமும் குறைவாகவே இருக்கும். இன்னொரு தொழிலில் மூன்று மாத முடக்கம் ஒரு அடி என்றால், இங்கே அதுவே மரண தண்டனை ஆகலாம். இதை அறியாமல் ‘சும்மா ஆறு மாதம் முடக்கி வைப்போம்’ என்று ஒரு மன்றம் முடிவெடுத்தால், தான் விதிப்பது ரத்து என்று தெரியாமலேயே ரத்து செய்கிறது.

அதனால்தான் தப்பின் அளவுக்குத் தண்டனை நிற்க வேண்டும். ஸ்வீட் லீஃபின் 26 லைசன்ஸ்களில் கஞ்சா வளர்க்கும் இடங்களும் அடக்கம். வளர்ப்புக் கூடத்தில் யாரும் லூப்பிங் செய்யவில்லை. ஆனாலும் அவற்றையும் பறித்தது சரியென்றே நினைக்கிறேன், ஏனென்றால் அந்த வியாபார முறை ஒரு மேலாளரின் கைவரிசை அல்ல; பல கிளைகளில், ஒரே மாதிரி, மேலிடத்துக்குத் தெரிந்து நடந்தது. ஒரே ஒரு கிளையில், ஒரு மேலாளர் தன் இஷ்டத்துக்குச் செய்திருந்தால், அந்தக் கிளையின் லைசன்ஸும் அந்த மேலாளரின் வேலையும் போயிருக்க வேண்டும், மிச்சம் 25 நின்றிருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. லைசன்ஸ் எண்ணிக்கைக்கு வரம்பு உள்ள ஊரில் ஒரு கடை மூடினால் அதன் வியாபாரம் ஆவியாகிப் போவதில்லை, பக்கத்துக் கடைக்குப் போகிறது. அதனால் ரத்து கோரி வரும் புகார்களில் எது குடியிருப்பவருடையது, எது போட்டிக் கடைக்காரருடையது என்று பிரித்துப் பார்ப்பது மன்றத்தின் வேலை. காலியாகும் இடம் யாருக்குப் போகும் என்பதையும் அதே கூட்டத்திலேயே பேச வேண்டும். போதைப் பொருள் தடைக் காலத்தில் கைதாகிப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குப் புதிய லைசன்ஸ்களில் முன்னுரிமை என்று டென்வர் 2021-இல் விதி கொண்டுவந்தது. ஆனால் லைசன்ஸ் கையில் இருந்தும், வங்கிக் கடன் கிடைக்காமல், கட்டடம் தரும் உரிமையாளர் கிடைக்காமல் நிற்பவர்கள் அவர்களில் உண்டு.